புவெப்லா மாநகரில் நான்கு நாட்கள்

உருளைகளின்மேல் வீடு அமைத்து ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் நம் நாட்டார்க்கு முற்றும் புதியதன்று. திருவிழாக்களுக்குக் கூண்டுவண்டி பூட்டி, சட்டி பானையோடும் பாய் தலையணையோடும் புறப்பட்டு, வழியில் ஆற்றங்கரை கண்டவிடத்து மாடவிழ்த்துச் சமைத்துண்டு உறங்கிய முன்னோர் கதைகளை நம்மிற் பலரும் பாட்டன் பாட்டியர் வாய்க் கேட்டிருப்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டார் அக்கூண்டு வண்டியினையே மோட்டாராக்கி, அடுப்பும், குளிர்பெட்டியும், குளியலறையும், நால்வர் படுக்கத்தக்க கட்டிலும் அதனுள் பொருத்தி வைத்துள்ளனர். அதற்கு அவர் இட்ட பெயரினும் மெக்சிக்கோ நாட்டார் இட்ட பெயரே எமக்கு உவப்பாயிற்று. 'காசா ரொடாந்தே' என்பர். உருளும் வீடு என்பது பொருள்.

டெக்சாஸ் மாகாணத்துச் சான் அன்டோனியோ நகரில் எம் சித்தப்பா பணிபுரிகின்றார். சென்ற கோடை விடுமுறையில் யாம் அவரிடம் சென்றிருந்தபொழுது, இருபத்துநான்கடி நீளமுள்ள தம் வீட்டு மோட்டாரை விற்றுவிடத் துணிந்திருந்தார்; விற்குமுன் ஒரே ஒரு நெடும்பயணம் எனச் சித்தி வேண்ட, சித்தப்பா, சித்தி, பதினான்கு வயதுத் தங்கை, யாம் ஆக நால்வரும் ஜூன் மாதத் தொடக்கத்தில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். லரேடோ என்னும் எல்லையூரில் ஆற்றைக் கடந்ததும் வண்டிக்கென ஓர் அனுமதிச்சீட்டுப் பெறல்வேண்டும். சிறு கார்களுக்குச் சில திங்களே தவணை; உருளும் வீட்டுக்கோ பத்தாண்டுத் தவணை. காப்புறுதியும் அந்நாட்டுக் கம்பெனியாரிடமே பெறுதல் வேண்டும். வடநாட்டுப் பத்திரம் அங்குச் செல்லாது. இருட்டிய பின்னர் வண்டி செலுத்தலாகாது என்பதோ எங்கும் எழுதப்படாத சட்டம். அதனைச் சித்தி எழுதிய சட்டத்தினும் கண்டிப்பாகக் காத்தார்.

மோன்டெர்ரே, சால்ட்டீயோ கடந்து மாத்தேவாலாவுக்குத் தெற்கே கடகரேகையைத் தாண்டினோம். கள்ளியும் கற்றாழையும் நிறைந்த அம்மேட்டுநிலம் எம் தேரிக்காட்டை நினைவூட்டினும், பரப்பால் அதனைப் பன்மடங்கு விஞ்சியது. சிற்றூர் தோறும் சாலையின் குறுக்கே உயர்ந்த வேகத்தடைகள். அவற்றைத் 'தோப்பே' என்கின்றனர். ஒன்றைக் காணாது சென்றால் அலமாரி திறந்து தட்டுகள் யாவும் தரையில் நடனமாடும். தலைநகராகிய மெக்சிக்கோ நகருள் இத்தகைய வண்டியொடு நுழைவது வீண் துன்பம். வண்டியெண்ணின் இறுதி இலக்கத்தைக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் ஓட்டலாகாதெனத் தடுக்கும் விதி அங்கு 1989 முதற்கொண்டு உண்டு. ஆதலின் வடபுறமாக அந்நகரைச் சுற்றிச் செல்லும் சுங்கச்சாலை வழியே புவெப்லாவை அடைந்தோம்.

அடைந்தோம் எனினும் நகருள் வண்டியைக் கொணர்ந்திலேம். அதற்கு அடுத்த சோலூலா என்னும் ஊரில், மதில் சூழ்ந்ததொரு புல்வெளியில், மின்னிணைப்பும் தண்ணீர்க் குழாயும் உள்ள இடத்தில் நிறுத்தி, நாடோறும் சிறு பேருந்தில் நகருக்குச் சென்று மீண்டோம். எங்கள் உருளும் வீட்டின் பின் சன்னலில் போப்போகாத்தேபெத்தல் என்னும் எரிமலை நின்றது. 1994 முதல் மீண்டும் புகையும் மலை அது. காலையில் பல் துலக்கும்பொழுது அதன் உச்சியினின்றும் வெண்புகை எழக் கண்டு, சித்தப்பா, "நமக்கு முன்பே அவர் வீட்டில் அடுப்பு மூட்டிவிட்டார்கள்" என்பார். பிற்பகல் தோறும் மழை. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருத்தலின், ஜூன் மாதத்திலும் இரவிற் கம்பளி வேண்டியதாயிற்று.

புவெப்லா 1531-இல் ஸ்பானியரால் வெற்றிடத்தில் வகுக்கப்பட்ட நகரம். தேவதூதரே கயிறு பிடித்துத் தெருக்களை அளந்தனர் என்பது அந்நகரார் கதை. தூதர் அளந்தனரோ இலரோ, அளந்தவர் கணக்கில் வல்லவர் என்பதில் ஐயமில்லை. நடுச் சதுக்கத்தின் வடக்கே உள்ள கிழமேல் வீதிகட்கு இரட்டையெண், தெற்கே உள்ளவற்றிற்கு ஒற்றையெண். தென்வடல் தெருக்களும் அவ்வாறே கிழக்கில் இரட்டை, மேற்கில் ஒற்றை. மொழியறியாத எமக்கு இவ்வெண்களே வழிகாட்டிகளாயின. பதினேழு இலட்சத்தை நெருங்கும் மக்கள் வாழும் மாநகரில் யாம் ஒருமுறையேனும் வழி தவறினேமல்லேம். சுவர்களிலெல்லாம் 'தலவேரா' என்னும் பளபளப்பான ஓடுகள். நீலமும் வெண்மையும் அவற்றின் தலைமை நிறங்கள். சீனத்துப் பீங்கான் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்து இக்குயவர் கண்ணைக் கவர்ந்தமையின் விளைவு அந்நீலம் என்பர். 1649-இல் நேர்ந்தளிக்கப்பட்ட தலைமைக் கோயிலின் இரட்டைக் கோபுரங்களையும், சாந்தோ தொமிங்கோ ஆலயத்தில் 1690-இல் முடிந்த பொன்னிழைத்த செபமாலைச் சிற்றாலயத்தையும் வருவோர் யாவரும் காண்பர், யாமும் கண்டோம். பொன்னைக் கண்டு கண் கூசியதே அன்றி மனம் ஏனோ அங்கு நிலைகொள்ளவில்லை.

எம் மனம் நிலைகொண்டது சந்தையில். ஊரினின்று எம்மை வழியனுப்புகையில் ஆச்சி கூறியது ஒன்றே: "அந்தப் பிள்ளைக்கு நாலு வார்த்தை நம்ம பேச்சு சொல்லிக் குடு. அது வாயால ஒரு கதை கேட்டுட்டுத்தான் நான் கண்ண மூடணும்." எம் தங்கை டெக்சாஸிற் பிறந்து வளர்ந்தவள். தமிழ் காதில் விழும், வாயில் வாராது. பள்ளியில் ஸ்பானிய மொழி பயின்றவளாதலின் மெக்சிக்கோவில் எங்கள் நால்வர்க்கும் நாவாக இருந்தவள் அவளே. தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் யாம், பேருந்துக்கு வழி கேட்க அவள் தோளின்பின் ஒதுங்கி நின்றோம்! ஆச்சியின் கட்டளையை நிறைவேற்ற மூன்று வாரமாக முயன்றும், உயிரெழுத்துப் பாடத்தைக் கேட்டாலே அவட்குத் தூக்கம் வந்தது. குறை அவளுடையதன்று, பதினான்கு வயதில் அரிச்சுவடி யாருக்கு இனிக்கும்?

சந்தையில் ஒரு மூதாட்டி பழக்கூடைக்குப்பின் அமர்ந்து, "மாங்கோ, மாங்கோ மணிலா!" எனக் கூவினாள். நீண்டு ஒடுங்கிய மஞ்சள் மாம்பழம். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே ஆண்டுதோறும் சென்று வந்த ஸ்பானியக் கப்பல்களின் வழியே பிலிப்பைன் தீவுகளினின்றும் மெக்சிக்கோவுக்கு வந்த இனம் அது. பெயரிலேயே பிறந்தகம் இருக்கின்றது. "இம்மூதாட்டி கூவியது நம் மொழி" என்று யாம் தங்கையிடம் கூறினோம். அவள் நம்பவில்லை. போர்த்துகேயர் மேலைக் கடற்கரையில் 'மாங்காய்', 'மாங்ங' எனக் கேட்டதை 'மாங்கா' ஆக்கிக்கொண்டனர். அதுவே ஸ்பானியர்க்கு 'மாங்கோ' ஆயிற்று என விளக்கினோம். அவள் மூதாட்டியிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்ல, கிழவி நகைத்து, எங்களைத் தலை முதல் கால்வரை நோக்கி, ஒரு பழத்தை மிகுதியாக இட்டாள். அன்று தொடங்கிற்று விளையாட்டு.

எதிர்த்த கடையில் சப்போட்டா குவிந்திருந்தது. அங்கு அதன் பெயர் 'சிக்கோ சப்போத்தே'. இச்சொல் மெக்சிக்கோவின் பழங்குடியாரது நாவாத்தல் மொழியில் 'த்சாபோத்தல்' என இருந்து, ஸ்பானியர் வாய்ப்பட்டு, கடல் கடந்து, நம் தோட்டத்தில் 'சப்போட்டா' என நிற்கின்றது. மாங்காய் அங்குச் சென்றது. சப்போட்டா இங்கு வந்தது. புளியங்கொட்டை நீக்கிச் சருக்கரையிட்ட உருண்டைக்கு அவர் இட்ட பெயர் 'தமரிந்தோ'. இந்தியப் பேரீச்சை என்னும் அராபியத் தொடரின் சிதைவு அது. மிளகாய் மெக்சிக்கோவின் பண்டம். நம்மவர் அதற்கு அந்நாட்டுப் பெயரை வாங்காது, தாம் அறிந்த மிளகோடு காயைச் சேர்த்துப் புதுப்பெயர் படைத்துக்கொண்டனர். தங்கை இவ்வளவையும் தன் குறிப்பேட்டிற் பதிந்துகொண்டு, தானே வேட்டையில் இறங்கினாள். உணவுவிடுதியில் 'மேசா' என்றார்கள், மேசை. செருப்புக்கடைமேல் 'சப்பாத்தோ' என எழுதியிருந்தது. ஆச்சி வாயில் வழங்கும் சப்பாத்து. 'கோசீனா' என்பது குசினி, 'அர்மாரியோ' அலமாரி, 'பாத்ரே' பாதிரியார். இவை நமக்கு ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்த்துகேய மொழியினின்று வந்தவை என யாம் இலக்கணம் பேசத் தொடங்கியதும் அவள் கையமர்த்தினாள். அவட்கு வேண்டியது சொல், வரலாறன்று. இரண்டு நாளில் நாற்பத்தொரு சொல் சேர்ந்தன.

சித்திக்கோ சமையற்கருவிகளில் வியப்பு. 'மெத்தாத்தே' என்பது கால்வைத்த அம்மி. அதன்மேல் உருளும் கற்குழவியும் உண்டு. 'கோமால்' என்பது தோசைக்கல்லின் உடன்பிறப்பு. மக்காச்சோள அடையை அதன்மேற் சுடுகின்றனர். புவெப்லாவின் பெயர்பெற்ற குழம்பாகிய 'மோலே'யில் பலவகை வற்றல் மிளகாயும், எள்ளும், கொட்டைப் பருப்புகளும், கிராம்பும், பட்டையும், இறுதியில் சாக்கொலேட்டும் சேர்கின்றன. இருள்நிறமான அக்குழம்பைச் சுவைத்த சித்தப்பா, நம் கல்யாண வீட்டு அடுப்படியில் சாக்கொலேட்டு தவறி விழுந்தாற்போலும் உளது என்றார். சித்தி மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்.

மூன்றாம் நாள் பலஃபோக்ஸ் நூலகம் சென்றோம். ஆயர் உவான் தெ பலஃபோக்ஸ் 1646-இல் தம் ஐயாயிரம் நூல்களை அளித்து, வாசிக்க விரும்பும் எவரும் வரலாம் என விதித்து நிறுவியது. இன்று நாற்பத்தையாயிரம் நூல்கள் மும்மாடி மர அடுக்குகளில் உறங்குகின்றன. 1473-இல் அச்சான எரோதோத்தசு நூலே அவற்றுள் மூத்ததாம். மெக்சிக்கோ நகரில் 1539-இல் அச்சுக்கூடம் எழுந்தது. நம் தமிழ் 1578-இல் கொல்லத்திலும் 1579-இல் கொச்சியிலும் அச்சேறிற்று. நாற்பதாண்டே இடைவெளி. அம்மரமணம் கமழும் நெடுங்கூடத்தில் நின்று கொச்சியை நினைத்தமைக்குக் காரணம் உண்டு. அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் ஆகும்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் வடபாலில் ஒரு சிறுமி போர்த்துகேயக் கடற்கொள்ளையர் கையிற் சிக்கினாள். அவள் உயர்குடிப் பிறந்தவள் என்றும், மீர்ரா என அழைக்கப்பட்டாள் என்றும் பிற்காலத்துச் சரிதக்காரர் கூறுவர். கொச்சியில் இயேசு சபையார் அவட்குத் திருமுழுக்களித்துக் கத்தரீனா தெ சான் உவான் எனப் பெயரிட்டனராம். பின்னர் மணிலா அடிமைச் சந்தை; அங்கிருந்து பசிபிக் கடல் கடந்து அக்காபுல்கோ; அங்கிருந்து மலையேறி, ஏறத்தாழ 1620-இல், புவெப்லாவில் ஒரு படைத்தலைவர் இல்லம். ஆசியாவினின்று வந்தோர் யாவரையும் 'சீனர்' என்றே அழைத்த காலமாதலின், எம் நாட்டுப் பெண் சீனத்தி ஆனாள். தலைவர் இறந்தபின் விடுதலை பெற்று, ஒரு குருவின் வீட்டில் ஊழியம் செய்து, சீனன் என்றே பெயர்கொண்ட மற்றோர் அடிமையை மணந்து, நோன்பும் செபமுமாய் நெடுங்காலம் வாழ்ந்து 1688 சனவரியில் இறந்தாள். நகரமே திரண்டு வந்து அடக்கம் செய்தது. ஆசிய அடிமைகட்கு விடுதலை என 1672-இல் ஆணை பிறந்ததனை அவள் தன் முதுமையிற் கண்டிருத்தல் கூடும்.

அவள் எழுத்தறியாதவள். அவள் கூறியனவாக நாம் அறிவனவெல்லாம் அவளுடைய பாவசங்கீர்த்தனம் கேட்ட குருமார் எழுதியனவே. அலோன்சோ ராமோஸ் என்னும் இயேசு சபையார் 1689 முதல் 1692 வரை மூன்று பெருந்தொகுதிகளாக அவள் சரிதையை வெளியிட்டார். அதற்குள் அவள் உருவப்படங்களை மக்கள் வணங்குதல் தகாதென 1691-இலும், அச்சரிதை தகாதென 1696-இலும் மெக்சிக்கோவின் சமய விசாரணை மன்றம் தடை விதித்தது. பின்பு மக்கள் தம் கற்பனையால் மணிகள் மின்னும் சிவப்புப் பாவாடை ஒன்றை அவட்கு உடுத்தினர். 'சீனா போப்லானா' என்று இன்று மெக்சிக்கோ முழுதும் போற்றும் அவ்வாடைக்கும், கறுப்புத்துணி உடுத்து நோன்பிருந்த அம்மூதாட்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என ஆய்வாளர் கூறுவர். பெயர் அவளுடையதன்று, ஆடை அவளுடையதன்று, நூலிலுள்ள குரலும் பிறர் குரல்.

கிறிஸ்தவ மாணாக்கராகிய எமக்கு இச்சரிதையில் ஓர் இடம் தொண்டையிற் சிக்கிய முள்ளாக நின்றது. கொச்சியில் அவட்குத் திருமுழுக்களித்தனர். அதன்பின்னரும் அவள் விற்கப்பட்டாள். நாற்பதாண்டின் முன் அதே கொச்சியில் நம் மொழியில் வேதபோதகம் அச்சிட்ட சபையார், அயலாரை அன்பு செய்யும் கட்டளையை எத்துணை எழுத்துக்கூட்டி நம்மவர்க்குக் கற்பித்தனர்! அச்சடித்த கையையும் விலைபேசிய கையையும் ஒன்றென யாம் சொல்லத் துணியோம். ஆயினும் அவை ஒரே துறைமுகத்தில் ஒரே காலத்தை அடுத்து இயங்கின. தமிழச்சு வரலாற்றைப் பெருமையோடு மனப்பாடம் செய்த எம் நெஞ்சு, அன்று அந்நூலகப் படிகளில் சிறிது கனத்தது.

அவள் அடக்கம் இயேசு சபையார் கோயிலின் திருப்பொருளறையில் உள்ளது. சதுக்கத்திற்குக் கிழக்கே ஒரு தெரு கடந்தால் அக்கோயில். அதனையடுத்த பழைய சபைக் கல்லூரி இன்று புவெப்லாப் பல்கலைக்கழகத்தின் கட்டடம். முதல் முறை சென்றபொழுது நண்பகலாதலின் கதவு சாத்தியிருந்தது. மறுமுறை ஒரு திருமணம். மணப்பெண்ணின் பின்தொங்கல் வாயிற்படி வரை நீண்டு கிடந்தது. மூன்றாம் முறை மாலைப் பூசை. பூசை முடியும்வரை காத்திருக்கலாம். ஆனால் வெளியே மழை வலுத்து, சோலூலாவுக்குச் செல்லும் கடைசிப் பேருந்தை விடலாகாதெனச் சித்தப்பா கடிகாரத்தைக் காட்டினார். மறுநாள் விடியலில் வடக்கே திரும்ப வேண்டும். கடைசி வரிசைப் பலகையில் யாமும் தங்கையும் கால்நாழிகை அமர்ந்திருந்தோம். அவள் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள்: "அவள் எந்த மொழியில் செபித்திருப்பாள்?" விடை சொல்ல எமக்கு எந்த நூலும் கைகொடுக்கவில்லை. பத்து வயதிற்கு முன்பின்னாகத் தாய்மொழியை இழந்தவள். ஸ்பானியமும் அவள் நாவில் நன்கு படியவில்லை என்பர். அறுபதாண்டுக்கு மேல் அவள் பேச்சைத் திருப்பிப் பேச அந்நகரில் யார் இருந்தனர்? தங்கை குறிப்பேட்டைத் திறந்து, தன் நாற்பத்தொரு சொல்லையும் பார்த்துவிட்டு, மூடினாள்.

சோலூலாவின் பெரும் பிரமிடைப் பற்றி எழுதப் புகின் ஏடு போதாது. உலகின் பிரமிடுகளுள் பரிமாணத்தால் மிகப்பெரியது. புல் மூடிக் குன்றாகக் கிடக்க, அதன் உச்சியில் ஸ்பானியர் கோயில் கட்டியுள்ளனர். எங்கள் புல்வெளியிலிருந்து அதன் மஞ்சள் நிறச் சுவர் விளக்கொளியில் தெரியும். இறுதி இரவு அதனைப் பார்த்துக்கொண்டே சித்தி பண்டங்களை அலமாரியிற் கட்டினார்.

விடியல் ஆறரை மணி. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் கழற்றியாயிற்று. நம் ஊரில் அப்பொழுது மாலை ஆறு மணி; ஆச்சி மாலைச் செபத்திற்கு அமரும் வேளை. கைப்பேசியில் அழைத்தோம். யாம் பேசுமுன் தங்கை அதனை வாங்கிக்கொண்டு, "ஆச்சி, ஒரு கதை" என்றாள். மறுமுனையில் ஓசையில்லை. பின், "சொல்லுட்டி" எனக் கேட்டது. "ஒரு சின்னப் பிள்ளை. இந்தியா. கப்பல். கெட்ட ஆள் தூக்கி... தூக்கியாச்சு. மாங்காய் வந்த கப்பல். இங்க வித்தாச்சு. அம்மா இல்ல. பேச ஆள் இல்ல. இங்கேயே செத்தாச்சு. கோயில்ல இருக்கு. நான் பாக்கல, கதவு பூட்டி." சொற்கள் தீர்ந்ததும் நிறுத்தினாள். ஆச்சி நெடுநேரம் ஒன்றும் கூறாமல், பின்னர்க் கேட்டார்: "அந்தப் பிள்ளைய அவ அம்ம தேடலியாட்டி?"

'தேடல்' என்னும் சொல் அவள் குறிப்பேட்டில் இல்லை. எம்மை நோக்கினாள், பொருள் கூறினோம். அவள் வாய் திறந்து, மூடி, சன்னல்வழியே மலைப்புகையைப் பார்த்தாள். "தெரியல, ஆச்சி" என்றாள். சித்தப்பா வண்டியைக் கிளப்பினார்.